கேட்பவள் பதவியிலிருந்து விலகினேன்: ஸ்ப்ளிட்வைஸ் செயலி பற்றி

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நண்பர்கள் கூட்டத்தில் வேறு பதவி கிடைக்காது. "கணக்கை இவள் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் சன்னலோர இருக்கையைப் பிடிக்கப் போய்விடுவார்கள். கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டல் கழித்தல் எனக்குப் பிடித்த வேலை. பிடிக்காதது அதற்கு அடுத்த வேலை. யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். தன் பணத்தைக் கேட்கிறவள் கஞ்சப் பிசினாறி ஆகிவிடுகிறாள். கொடுக்க மறந்தவனோ கலகலப்பான மனிதனாகவே நடமாடுகிறான். இந்த அநியாயத்துக்கு ஒரு தீர்வு கிடைக்காதா என்று தேடியபோதுதான் ஸ்ப்ளிட்வைஸ் கைக்கு வந்தது. பல ஆண்டுகளாக இரண்டு இடங்களில் அதைப் பயன்படுத்துகிறேன். ஒன்று, இரண்டு தோழிகளோடு நான் பகிர்ந்து வாழும் வீடு. மற்றொன்று, கல்லூரிக் காலத்து நண்பர்கள் சேர்ந்து போகும் பயணங்கள். இரண்டிலும் அதன் குணம் வேறுவேறாக இருக்கிறது என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2011இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. ஒரு குழுவை உருவாக்கி, ஆட்களைச் சேர்த்து, ஒவ்வொரு செலவையும் யார் கொடுத்தார், யார் யாருக்குப் பங்கு என்று பதிந்தால், கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அலைபேசியிலும் கணினியிலும் பார்க்கலாம். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு ஒரு செயலி எதற்கு, ஒரு தாள் போதாதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தாளை எழுத வேண்டிய நிலைக்கு ஆளாகாதவர்கள்.

தாளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கூட்டலில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பயணத்தில் வண்டிக்கு எரிபொருள் நிரப்புகிறோம். பணம் கொடுத்தவர் இருக்கையில் வந்து அமர்வதற்குள் தொகையைத் தட்டுகிறார், 'எரிபொருள்' என்று எழுதுகிறார், 'நான் கொடுத்தேன், எல்லோருக்கும் சமம்' என்று முன்கூட்டியே நிரம்பியிருக்கும் வரியை அப்படியே விட்டுவிட்டுச் சேமிக்கிறார். வண்டிக்குள் எல்லோருடைய அலைபேசியும் ஒரே நேரத்தில் சிணுங்குகிறது. யாராவது ஒருவர், "வழியில் சேர்ந்துகொண்டவரை இதில் சேர்க்காதே, அவர் பாதித் தொலைவுக்குத்தானே வருகிறார்" என்கிறார். அங்கேயே திருத்தியாயிற்று. இதே பேச்சு பயணம் முடிந்து பத்து நாள் கழித்து, ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அப்போது "பாதித் தொலைவு" என்ற நியாயமான வாக்கியம் குற்றச்சாட்டாக ஒலிக்கும். செலவு நடந்த இடத்திலேயே பேசினால் அது வெறும் தகவல். இந்தச் செயலிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் முக்கால்வாசியை இதற்கே கொடுப்பேன்.

இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் பதியலாம். தொடர்பு வந்ததும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். மலைப்பாதையில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி பங்கு பிரிப்பதற்கு வருகிறேன். சமமாகப் பிரிக்கலாம், ஒவ்வொருவருக்கும் துல்லியமான தொகை எழுதலாம், விழுக்காடு போடலாம், பங்குகளாகப் போடலாம். ஒரு குடும்பத்துக்கு மூன்று பங்கு, தனியாக வந்தவருக்கு ஒரு பங்கு என்று பதிவது பயணங்களில் மிக உதவுகிறது. ஒரே செலவை இரண்டு பேர் சேர்ந்து கொடுத்திருந்தால் அதையும் அப்படியே எழுதலாம். தணிக்கைக்காரியின் கண்ணுக்கு இந்தப் பகுதியில் குறை தெரியவில்லை. நூறை மூன்றால் வகுத்தால் மிஞ்சும் கடைசிக் காசு யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆக வேண்டும். அதற்காகச் சண்டை போடுகிறவர்களோடு பயணம் போகாதீர்கள்.

ஆனால் எந்த முறையில் பிரிப்பது என்பதைச் செயலி சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அங்கே கை வைக்காமல் 'சமம்' என்பதிலேயே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது முன்கூட்டியே நிரம்பியிருக்கிறது. சமம் என்பது நியாயம் போலத் தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. 2004இல் யூரி நீசி என்னும் பொருளியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக ஓர் உணவகத்தில் உட்கார வைத்து, சில குழுக்களிடம் அவரவர் பில்லை அவரவர் கொடுக்க வேண்டும் என்றும், சில குழுக்களிடம் மொத்தத்தை ஆறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். சமமாகப் பிரித்த குழுக்களில் தலைக்கு ஆன செலவு, அவரவர் கொடுத்த குழுக்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று அதில் உண்டு: எந்த முறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது ஐந்தில் நான்கு பேர் அவரவர் பில்லை அவரவர் கொடுப்பதையே விரும்பினார்கள். அதாவது பெரும்பாலோருக்குச் சமப் பங்கு பிடிக்கவில்லை; சொல்லத்தான் கூச்சம். கூடுதலாக வாங்குகிற ஒவ்வொன்றிலும் ஆறில் ஒரு பங்கு மட்டுமே தன் பையிலிருந்து போகும் என்று தெரிந்தால் நல்லவர்களின் கைகூட நீளும். பேராசை இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் பயணக் குழுவில் வேலையை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவள் ஒருபோதும் வாய் திறக்கவில்லை. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் "எனக்கு எது என்றாலும் சரி" என்பாள். பிறகு வரவில்லை என்று ஒதுங்கிக்கொள்வாள். எந்தச் செயலியும் ஒருவருடைய வருமானத்தை அறியாது, அறியவும் கூடாது. தங்குமிடச் செலவை மட்டும் வேறு விழுக்காட்டில் போடலாம் என்று குழுவில் இன்னொருவர் எடுத்துச் சொன்ன பிறகு, அதைப் பதிய ஆன நேரம் அரை நிமிடம். அதைச் சொல்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆனது.

வீட்டு வாடகையில் நாங்கள் சற்றுக் கூடுதலாகவே மூளையைக் கசக்கினோம். கணக்கில் ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சுவையாக இருக்கும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். வீட்டில் மூன்று அறைகள். ஒன்று பெரியது, தனிக் குளியலறையோடு. ஒன்று நடுத்தரம். ஒன்று சின்னது, ஆனால் சத்தமில்லாதது. மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்தால் பெரிய அறைக்காரிக்கு யோகம். சதுர அடி பார்த்துப் பிரித்தால் சத்தமில்லாமையின் மதிப்பு எங்கே போயிற்று? ஆகவே ஒவ்வொருத்தியும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதினோம்: மொத்த வாடகை 100 என்று வைத்துக்கொண்டால், எந்த அறைக்கு நான் எவ்வளவு கொடுக்கத் தயார்? மூன்று அறைகளையும் கூட்டினால் 100 வர வேண்டும் என்பது மட்டுமே விதி.

நான் பெரிய அறைக்கு 44, நடுத்தர அறைக்கு 33, சின்னதற்கு 23 என்று எழுதினேன். இரண்டாமவள் 40, 35, 25. இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குகிற மூன்றாமவள் 38, 32, 30. எந்த அறைக்கு யார் அதிகம் கொடுக்கத் தயாரோ அவருக்கே அது என்றால் பெரியது எனக்கு, நடுத்தரம் இரண்டாமவளுக்கு, சின்னது மூன்றாமவளுக்கு. 44, 35, 30 கூட்டினால் 109 வருகிறது. வாடகையோ 100தான். மிஞ்சிய 9ஐ ஆளுக்கு 3 என்று கழித்துக்கொண்டோம். ஆக 41, 32, 27. இப்போது ஒவ்வொருத்தியும் தான் மதித்த விலையைவிட 3 குறைவாகக் கொடுக்கிறாள். அதைவிட முக்கியம், இந்த விலைகளில் மற்றவள் அறையோடு மாற்றிக்கொள்ள யாருக்கும் ஆசை வரக் காரணம் இல்லை. நடுத்தர அறைக்கு நான் 33 போட்டிருந்தேன், அதன் விலை இப்போது 32. அங்கே போனால் எனக்கு 1தான் லாபம், இங்கேயே இருந்தால் 3. இப்படி ஆறு ஒப்பீடுகளையும் சரிபார்த்தோம். சமமாகக் கழிப்பது எல்லா எண்களுக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்திவிடாது, ஆகவே இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். பொருந்தாவிட்டால் விலைகளைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1999இல் பிரான்சிஸ் சூ என்னும் கணிதவியலாளர், முக்கோணங்களை வண்ணமிடுவது பற்றி ஸ்பெர்னர் என்ற கணிதவியலாளர் தந்த பழைய தேற்றம் ஒன்றைக்கொண்டு, சில எளிய நிபந்தனைகள் நிறைவேறினால் யாரும் யாரையும் பார்த்துப் பொறாமைப்படாத வாடகைப் பிரிவினை எப்போதும் உண்டு என்று காட்டினார். 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்ப்ளிடிட் என்ற தளத்தைத் தொடங்கி, இத்தகைய பிரிவினைகளை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்க வழி செய்தார்கள். ஸ்ப்ளிட்வைஸுக்கு இதில் உள்ள பங்கு எளியது: 41, 32, 27 என்ற விழுக்காடுகளை ஒருமுறை எழுதி, மாதந்தோறும் தானாகவே பதிவாகும்படி வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாடகை என்ற சொல் பேச்சில் வருவதே இல்லை.

அடுத்தது, இந்தச் செயலி மிகவும் பெருமைப்பட்டுக்கொள்ளும் வசதி: கடன்களைச் சுருக்குவது. நான் உங்களுக்கு 300 தர வேண்டும், நீங்கள் இன்னொருவருக்கு 300 தர வேண்டும் என்றால், நான் நேரே அந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை மிச்சம். ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகச் சேர்த்தால் பத்து இணைகள் வரும். பத்து இடத்திலும் பாக்கி இருக்கக்கூடும். ஆனால் ஒவ்வொருவருக்கும் வர வேண்டியதையும் அவர் தர வேண்டியதையும் கழித்து மிஞ்சும் நிகர நிலுவையை மட்டும் பார்த்தால் நான்கு பணமாற்றங்களுக்குள் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். எத்தனை பேரானாலும் இப்படித்தான், ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. குழுவுக்குள்ளேயே சிலருடைய நிலுவைகள் தமக்குள் சரியாகக் கழிந்துவிட்டால் இன்னும் குறையும். ஆகக் குறைந்த எண்ணிக்கை எது என்று கண்டுபிடிப்பது மட்டும், குழு பெரிதாகப் பெரிதாகக் கணினிக்கே திணறலான கணக்கு. நண்பர்கள் குழுவுக்கு அந்தக் கவலை தேவையில்லை.

கணக்காக இது அழகு. மனிதர்களிடையே எப்போதும் அழகில்லை. தோழி தன் அத்தை மகனைப் பயணத்துக்கு அழைத்து வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கொடுக்க வேண்டியது அவளுக்கு. அவள் கொடுக்க வேண்டியது எனக்கு. சுருக்கியதும் அவன் எனக்குக் கடன்காரன் ஆகிவிடுகிறான். ஒருமுறை மட்டும் பேசிய மனிதரிடம் பணம் கேட்க எனக்கு நா எழாது. யாரோ ஒரு பெண்ணுக்கு எதற்காக அனுப்புகிறோம் என்று அவனுக்கும் புரியாது. தோழியோ கணக்கிலிருந்தே மறைந்துவிட்டாள். கடனுக்குப் பின்னால் ஒரு பழக்கமும் உரிமையும் இருக்கின்றன. எண்ணை மட்டும் நகர்த்தினால் அவை கூடவே நகராது. பயணங்களில், எல்லோரும் எல்லோருக்கும் நெருக்கம் என்றால் மட்டும் இதை இயக்கி வைக்கிறோம். வீட்டுக் குழுவில் நிறுத்தியே வைத்திருக்கிறோம். குழுவுக்குக் குழு தனித்தனியாக மாற்றிக்கொள்ள முடிகிறது, அது நல்ல ஏற்பாடு. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்து, உங்கள் குழுவில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பயணத்தைத் தொடங்குங்கள்.

குழுவில் உள்ள யார் வேண்டுமானாலும் எந்தப் பதிவையும் திருத்தலாம், அழிக்கலாம். முதலில் கேட்டபோது என் தணிக்கைப் புத்தி துணுக்குற்றது. ஆனால் யார் எதை மாற்றினார் என்பது குறிப்பில் நிற்கிறது, அழித்த பதிவை மீட்கவும் முடிகிறது, ஒவ்வொரு செலவுக்கும் கீழே கருத்து எழுதலாம். பூட்டிய பெட்டியைவிடத் திறந்த பேரேடு மேல் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நண்பர்களுக்கும் அது பொருந்தியது. பூட்டு இருந்தால் சாவி வைத்திருக்கிறவர் மறுபடியும் நானாகத்தான் இருப்பேன்.

இந்தப் பேரேடு செய்த இன்னொரு நல்ல காரியம், எங்கள் வீட்டின் நீண்ட கால வழக்கு ஒன்றைத் தீர்த்தது. துப்புரவுச் சாமான்களைப் பெரும்பாலும் தான்தான் வாங்குவதாக மூன்று பேருமே உறுதியாக நம்பிக்கொண்டிருந்தோம். 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதையும் கூட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் முழுமைக்கும் மேலே போனது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தன் நினைவுக்கு எளிதில் வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை, அவ்வளவுதான். செயலியின் பட்டியலிலிருந்து 'துப்புரவு' பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, மிக அதிகமாக வாங்கியிருந்தவள் எங்களில் வாயே திறக்காதவள். அவள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

பணம் கைமாறும் இடத்தில் இந்தச் செயலியை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். 'தீர்த்தாயிற்று' என்று ஒருவர் பதிவது பணம் வந்து சேர்ந்ததற்குச் சான்று அல்ல. அது ஒரு குறிப்பு மட்டுமே. நோட்டாகக் கொடுத்ததையும் வங்கி வழியாக அனுப்பியதையும் அது ஒரே மாதிரிதான் எழுதிக்கொள்ளும். பெறுகிறவர் தன் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகு அவரே பதிய வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. கொடுத்தவர் பதிந்தால் சில சமயம் எண்ணம் முந்திக்கொள்கிறது, பணம் பிந்திவிடுகிறது.

இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நாளில் இத்தனை செலவுகள்தான் சேர்க்கலாம் என்று வரம்பு, இடையிடையே விளம்பரம். வரம்பு இல்லாமல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். ரசீதைப் படம் பிடித்து வரி வரியாகப் பிரிப்பது, ஒரு நாட்டு நாணயத்தை இன்னொன்றாக மாற்றிக் காட்டுவது போன்றவையும் சந்தாவுக்குள்தான். வீட்டுக் கணக்குக்கு இலவச வரம்பு தாராளமாகப் போதும். ஒரு நாளில் அப்படி என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது? நாள் முழுக்க ஓடும் பயணத்தில் போதாது. அதற்கு எளிய வழி, பதிகிற வேலையைக் குழுவில் எல்லோரும் பகிர்ந்துகொள்வது. வரம்பு ஆளுக்கு ஆள்தான். ஒருவரே எல்லாவற்றையும் பதிகிற குழுவுக்குத்தான் அது முட்டுக்கட்டை, அப்படிப்பட்ட குழுவின் நோய் வேறு. அங்கே செயலி வந்த பிறகும் பழைய கணக்குப்பிள்ளையே தொடர்கிறார், புத்தகம் மட்டும் மாறியிருக்கிறது.

மாற்றுகள் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தில் தோன்றி 2022இல் பங்க் என்ற வங்கியின் கைக்குப் போன டிரைகவுண்ட் இருக்கிறது. ஒரே பயணத்துக்கு, புதிய ஆட்களோடு என்றால் அது இலகுவாக இருக்கும். ஸ்ப்ளீட் என்று ஒன்று உண்டு, அதை எழுதிய மூல நிரலை யாரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்காமல் உலாவியில் இணைப்பை அனுப்பியே பயன்படுத்தலாம். புதிதாகச் செயலி எதையும் நிறுவ மாட்டேன் என்று அடம்பிடிப்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார் அல்லவா, அவருக்காகவே செய்தது போலிருக்கும். ஸ்ப்ளிட்வைஸிலும் அப்படிப்பட்டவரைப் பெயரும் மின்னஞ்சலும் போட்டுச் சேர்க்கலாம்தான், ஆனால் அவர் பதிய மாட்டார். அவர் செலவுகளைப் பதிவது யார் என்பது உங்களுக்கே தெரியும். விரிதாளும் மோசமில்லை. சூத்திரம் எழுதத் தெரிந்த ஒருத்தி குழுவில் இருக்கிறாள் என்பதே அதன் பலவீனம்.

இதற்கு முன்பு நாங்கள் வேறு ஒரு சிறிய செயலியைப் பயன்படுத்தினோம். ஒரு நாள் அது நின்றுபோனது, அதோடு கணக்கும் போனது. அன்றிலிருந்து எந்தச் செயலியாக இருந்தாலும் மாதக் கடைசியில் முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறேன். ஸ்ப்ளிட்வைஸில் அந்த வசதி உண்டு. விரிதாளில் திறந்து பார்க்கலாம்.

செயலியால் ஆகாத காரியங்கள் சில இருக்கின்றன, அவற்றைக் குறை என்று சொல்ல மாட்டேன். முன்பதிவு எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் வர முடியவில்லை என்கிறார். அவர் பங்கு என்ன ஆவது? நாங்கள் இப்படி முடிவு செய்திருக்கிறோம்: திரும்பக் கிடைக்காத பணத்தில் அவருடைய பங்கு அவருடையதே, அவர் இடத்துக்கு இன்னொருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அது தீர்ந்தது, இனிமேல் ஆகப்போகும் செலவுகளில் அவருக்குப் பங்கே இல்லை. உடல்நலக் குறைவு என்றால் எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். இதைக் குழுவின் முதல் பதிவாகவே, தொகை மிகச் சிறியதாகப் போட்டு, அதன் கீழே கருத்தாக எழுதி வைத்திருக்கிறோம். செயலியை உருவாக்கியவர்கள் இப்படி ஒரு பயன்பாட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதேபோல் உழைப்பைப் பதிய அங்கே இடம் இல்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டியவர், வாரக்கணக்கில் இடங்களைத் தேடி முன்பதிவு செய்தவர், இவர்களுக்கு என்ன வரவு? தொகையாக எழுதலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. ஓட்டுகிற நண்பரே வேண்டாம் என்றுவிட்டார்: "கூலி வாங்கினால் வழியில் நிறுத்தச் சொல்லி அதிகாரம் செய்வீர்கள்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எரிபொருளில் மட்டும் அவருக்குப் பங்கு போடுவதில்லை, அதோடு விட்டுவிட்டோம்.

சின்னத் தொகைகளையும் நாங்கள் பதிவதில்லை. எது சின்னது என்று குழுவாகப் பேசி ஓர் எல்லை வைத்துக்கொண்டோம்; அதற்குக் கீழே யார் கொடுத்தாலும் அது போனது போனதுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆனால் அளப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பும் ஐந்து பேருடைய கவனத்தைத் தின்கிறது. எல்லை வைக்காத குழுவில் இந்தச் செயலி மனிதர்களைச் சிறுமைப்படுத்தத் தொடங்கிவிடும். தேநீர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அதை ஐந்தாகப் பிரித்துப் பதிந்த ஒருவரை அறிவேன். நல்ல மனிதர்தான், அடுத்த முறை அவரிடம் யாரும் எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை.

இரண்டே பேர் என்றால் இதெல்லாம் வேண்டாம், இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்பதே போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ, ஒரு வாரத்துக்கு மேல் என்றால் தயங்காமல் தொடங்குங்கள். நினைவூட்டும் பொத்தான் ஒன்றும் அதில் இருக்கிறது, பாக்கி வைத்திருப்பவருக்கு அதுவே மின்னஞ்சல் அனுப்பும். நான் அதை அழுத்துவதில்லை. அழுத்தத் தேவையும் வரவில்லை: நிலுவை எவ்வளவு என்பது எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படுகிறது என்பதால், பயணம் முடிந்து வீடு சேர்வதற்குள்ளாகவே பாதிப் பேர் அனுப்பிவிடுகிறார்கள். மீதிப் பாதியில் ஒருவர் மட்டும் இன்னமும் பழைய பழக்கத்தில், "நான் எவ்வளவு தர வேண்டும்?" என்று என்னைத்தான் கேட்கிறார். செயலியைத் திறந்து பார் என்று பதில் எழுதிவிட்டு, அவர் பார்க்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போவதில்லை.